கோழிக்கு இறகு கொட்டுகிறதா? முதலில் எந்த இடம் என்று பாருங்கள்

கோழிக்கு இறகு கொட்டத் தொடங்கியதும் பலரும் முதலில் தேடுவது மருந்தைத்தான். மாட்டு உண்ணிக்கு வாங்கியதில் மிச்சம் இருந்தால் அதையே கோழி மேலும் அடித்துவிடுகிறார்கள். இயல்பாக இறகு மாற்றிக்கொண்டிருந்த பெட்டைகள் அந்த மருந்தின் வீரியம் தாங்காமல் சுருண்டு கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். பார்க்கப் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

கொல்லைப்புறத்தில் ஐந்து, பத்து கோழி வைத்திருக்கும் அக்கம்பக்கத்து வீடுகளில் இந்தக் குறை திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு முறையும் நான் செய்வது ஒன்றுதான். கோழியைத் தொடுவதற்கு முன்னால் தரையில் கிடக்கும் இறகைப் பார்க்கிறேன். பிறகு உடம்பில் எந்த இடம் வெறுமையாகியிருக்கிறது என்று பார்க்கிறேன். காரணம் பெரும்பாலும் இந்த இரண்டிலேயே பிடிபட்டுவிடும். அந்த இடங்களையே கீழே தலைப்புகளாக வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முன்னால் வரும், செலவு வைப்பது பின்னால் வரும். முதலில் இருப்பதைச் சோதிக்காமல் அடுத்ததற்குத் தாவாதீர்கள்.

## எதற்கும் முன்னால்: தரையில் கிடக்கும் இறகு

காலையில் கூட்டைத் திறந்ததும் பெருக்கிவிடாமல், நான்கைந்து இறகுகளைப் பொறுக்கி வெளிச்சத்தில் பாருங்கள்.

இறகு முழுதாக இருக்கிறது, அடித்தண்டு காய்ந்து சுத்தமாக இருக்கிறது என்றால் அது தானாக உதிர்ந்தது. அநேகமாக நோய் இல்லை.

தண்டு நடுவில் முறிந்திருக்கிறது, ஓரங்கள் தேய்ந்து நைந்திருக்கின்றன என்றால் உராய்வு, இணைசேரும்போது சேவலின் மிதி, அல்லது தோலில் இருக்கும் பூச்சி.

அடித்தண்டில் ரத்தமோ ஈரமோ இருந்தால் அது பிடுங்கப்பட்ட இறகு. பிடுங்கியது இன்னொரு கோழியாகவோ, எலி, பூனையாகவோ இருக்கலாம்.

கோழி நாளுக்கு நாள் வழுக்கையாகிறது, தரையில் மட்டும் இறகே இல்லை என்றால், கூட்டத்தில் ஒன்று இறகைப் பிடுங்கித் தின்கிறது. இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

அடுத்தது கோழியைக் கையில் எடுப்பது. பகலில் துரத்திப் பிடிக்க வேண்டாம். கோழி அடைந்து அரை மணி நேரம் கழித்து, இறக்கை இரண்டையும் உடம்போடு அணைத்துத் தூக்கி, டார்ச் வெளிச்சத்தில் நான்கு இடங்களைப் பாருங்கள்: ஆசனவாயைச் சுற்றி, இறக்கையின் அடிப்பக்கம், வாலின் அடி, பிடரி. ஒரு கோழியோடு நிறுத்தாமல் நன்றாக இருக்கும் கோழி ஒன்றையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டையும் ஒப்பிட்டால்தான் எது இயல்பு, எது கோளாறு என்று தெரியும்.

## கழுத்தில் தொடங்கி உடம்பு முழுவதும் கொட்டுகிறது

### தோல் சுத்தமாக இருந்தால்

இது ஆண்டுக்கொரு முறை வரும் இறகு உதிர்ப்பு. தலையிலும் கழுத்திலும் தொடங்கி, முதுகு, நெஞ்சு, இறக்கை, கடைசியில் வால் என்று இறங்கும். முதல் முழு உதிர்ப்பு கோழிக்கு ஒன்றரை வயது வாக்கில் வரும். பகல் நேரம் குறையத் தொடங்குவது இதைத் தூண்டுகிறது. நம் ஊரில் கோடைக்கும் மார்கழிக்கும் பகல் அளவில் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம் என்பதால், எல்லாக் கோழிக்கும் ஒரே வாரத்தில் வராது. ஆவணியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று என்று முன்பின்னாக வரும். அடையிலிருந்து எழுந்து குஞ்சைப் பிரிந்த பெட்டையும் இறகு மாற்றுவதுண்டு.

உறுதிசெய்ய, வழுக்கையான இடத்தில் விரலை மெதுவாக ஓட்டுங்கள். கூரான குருத்து இறகுகள் தட்டுப்பட்டால் கவலையை விடுங்கள். தோல் சிவக்காமல், பொருக்கு இல்லாமல் இருக்க வேண்டும். முட்டை நின்றிருக்கும் அல்லது வெகுவாகக் குறைந்திருக்கும். கொண்டை சற்றுச் சுருங்கி வெளிறியிருக்கும். தீனி மட்டும் வழக்கம்போல் எடுக்கும். எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில் புது இறகோடு நிற்கும்.

இந்த நாட்களில் செய்ய வேண்டியது தீனியைத் திருத்துவது. இறகின் பெரும்பகுதி புரதம். அரிசியிலும் மக்காச்சோளத்திலும் புரதம் 10 சதவீதத்துக்கும் குறைவு. குருணையை மட்டும் தின்னும் கோழிக்கு இறகு முளைப்பது இழுத்துக்கொண்டே போவது இதனால்தான். முட்டைக்கோழித் தீவனத்தில் 16 முதல் 18 சதவீதம் புரதம் இருக்கும். வழக்கமான தீனியில் பாதியை அதற்கு மாற்றினாலே வித்தியாசம் தெரியும். வாங்க முடியாதவர்கள் எள்ளுப் புண்ணாக்கு கொடுக்கலாம். இறகு வளர்ச்சிக்குத் தேவையான மெத்தியோனின் என்ற புரதக்கூறு அதில் நிறைய இருக்கிறது. உப்பில்லாத மீன்தூள், தண்ணீரில் வளரும் அசோலா, கறையான் எல்லாம் நல்லவை. பழைய பானைக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத்துண்டுகளை ஈரப்படுத்தித் திணித்து, புற்றுக்குப் பக்கத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால் காலையில் கறையான் ஏறியிருக்கும். குஞ்சுக்கும் இறகு மாற்றும் கோழிக்கும் இதைவிட நல்ல இரையை நான் கண்டதில்லை. கடலைப் புண்ணாக்கு கொடுப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: பூஞ்சை வாடை அடித்தால், கரும்பச்சைப் புள்ளி தெரிந்தால் எருக்குழியில் போடுங்கள். அதிலுள்ள நஞ்சு ஈரலைக் கெடுக்கும்.

குருத்து இறகில் ரத்தம் ஓடும். அது முறிந்தால் கோழிக்கு வலிக்கும், ரத்தமும் நிற்காமல் கசியும். எனவே இறகு மாற்றும் கோழியைக் குழந்தைகள் தூக்கி விளையாட விடாதீர்கள். கண்டிப்பாகக் குளிப்பாட்ட வேண்டாம்.

### எல்லாக் கோழிக்கும் ஒரே நேரத்தில் கொட்டினால்

கடந்த இரண்டு வாரத்தை நினைத்துப் பாருங்கள். ஏதாவது ஒரு நாள் தண்ணீர்ச் சட்டி காய்ந்து கிடந்ததா? வெளியூர் போனபோது தீனி நின்றதா? கூடு இடம் மாறியதா? அக்கினி நட்சத்திர வெயிலில் ஒரு பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் போனால்கூடக் கூட்டமே முட்டையை நிறுத்திவிட்டு இறகைக் கொட்டும். மண்சட்டிகளை இரண்டு, மூன்று இடங்களில் நிழலில் வையுங்கள். தானாகச் சரியாகும்.

### நான்கு மாதம் ஆகியும் புது இறகு வரவில்லை என்றால்

எடையைக் கையால் பாருங்கள். நெஞ்செலும்பு கத்தி முனையாகத் தட்டுப்பட்டால் குடற்புழுவைச் சந்தேகிக்க வேண்டும். எச்சத்தைக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்துப் பரிசோதித்துவிட்டுப் புழு நீக்க மருந்து வாங்குங்கள். கோழியின் எடைக்கு ஏற்ற அளவு வேண்டும் என்பதால், ஆட்டுக்குக் கொடுத்த பாட்டிலிலிருந்து கண்ணளவாக ஊற்றக் கூடாது.

## முதுகும் பிடரியும் மட்டும் வழுக்கை

நன்றாக முட்டையிடும் சுறுசுறுப்பான பெட்டைக்கு இப்படி வரும். வேறெங்கும் இறகு குறையவில்லை, முறிந்த இறகுகள்தான் கிடக்கின்றன என்றால் காரணம் சேவல். மிதிக்கும்போது அலகால் பிடரியைப் பிடித்துக்கொண்டு, நகத்தால் முதுகில் ஊன்றுகிறது.

முதலில் எண்ணிப் பாருங்கள். ஒரு சேவலுக்கு எட்டு முதல் பத்துப் பெட்டை இருக்கலாம். நான்கு பெட்டைக்கு இரண்டு சேவல் வைத்திருந்தால் வேறு காரணம் தேட வேண்டாம். ஒரு சேவலைப் பிரித்துவிடுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தும் ஒரு பெட்டைக்கு மட்டும் முதுகு வெறுமையானால், சேவல் அதையே குறிவைக்கிறது. அந்தப் பெட்டையைச் சில வாரம் தனியாக விடுங்கள்.

சேவலின் நகமும் முள்ளும் கூராக இருந்தால் நுனியை மட்டும் அரத்தால் மழுக்குங்கள். உள்ளே ரத்த ஓட்டம் இருப்பதால் ஆழமாக வெட்டக் கூடாது. முதுகை மூடும்படி தடித்த பருத்தித் துணியில் சிறிய கவசம் தைத்து, இரு இறக்கைகளையும் சுற்றி எலாஸ்டிக் பட்டை போட்டுக் கட்டலாம். வாரம் ஒரு முறை கழற்றி உள்ளே பேன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இறகு எப்போது வரும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேரோடு போன இடத்தில் சில வாரங்களில் முளைத்துவிடும். முறிந்த தண்டு தோலிலேயே நின்றால், அடுத்த இறகு உதிர்ப்பு வரை அந்த இடம் அப்படியேதான் இருக்கும். சேவலைப் பிரித்தும் இறகு வரவில்லையே என்று மருந்து தடவ வேண்டாம். ஆனால் தோல் கிழிந்து விலாவரை ஆழமான காயம் இருந்தால் தையல் தேவைப்படும். அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

## வாலின் அடி வெறுமை, ரத்தம் தெரிகிறது

கொத்துதல். வாலின் அடியில் எண்ணெய்ச் சுரப்பி இருக்கும் மேட்டிலிருந்துதான் பெரும்பாலும் தொடங்கும்.

ரத்தம் தெரிந்தால் காரணத்தைப் பிறகு தேடலாம். முதல் வேலை அந்தக் கோழியை உடனே தனியே அடைப்பது. சிவப்பு நிறம் மற்றக் கோழிகளை இழுக்கும். ஒரு பகலுக்குள் குடல்வரை கொத்திக் கொன்றுவிடும். காயத்தைக் கொதித்து ஆறிய உப்புநீரில் கழுவி, மஞ்சள்தூளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசுங்கள். கசப்பும் நிறமும் இரண்டுமே உதவும். காயம் ஆறித் தோல் மூடும்வரை கூட்டத்தில் சேர்க்க வேண்டாம்.

பிறகு காரணம். இந்த வரிசையில் பாருங்கள்.

இடம். இரவு அடைவதற்கு மட்டும் என்றால் கோழிக்கு ஒன்று, ஒன்றரைச் சதுர அடி போதும். பகலெல்லாம் அடைத்தே வைத்தால் குறைந்தது மூன்று, நான்கு சதுர அடி வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் செடியைக் கிளறுகிறது என்று மேய்ச்சலை நிறுத்திய வீடுகளில்தான் கொத்துதலை அதிகம் பார்க்கிறேன். மாலை இரண்டு மணி நேரமாவது திறந்துவிட வழி தேடுங்கள்.

வெளிச்சம். கீரிக்குப் பயந்து இரவு முழுக்கப் பளிச்சென்ற விளக்கு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கோழி தூங்காது, எரிச்சலில் கொத்தும். கீரிக்கு விளக்கைவிடத் தாழ்ப்பாளும் அடியில் புதைத்த கம்பி வலையும்தான் காப்பு.

வேலை. அகத்தி, முருங்கை, வேலிமசால் கீரைகளைக் கோழியின் தலைக்குச் சற்று மேலே கட்டித் தொங்கவிடுங்கள். தரையில் தானியத்தைத் தூவினால் கிளறிக்கொண்டே இருக்கும். கொத்துவதற்கு வேறு பொருள் கிடைத்தாலே பாதி அடங்கும்.

தீனி. புரதக் குறைவும் உப்புக் குறைவும் இறகைத் தின்ன வைக்கும். வீட்டில் கலக்கும் தீவனம் என்றால் கிலோவுக்கு மூன்று கிராம் உப்பைத் தாண்ட வேண்டாம். கருவாட்டுத்தூள் சேர்த்தால் உப்பே போட வேண்டாம். உப்பு கூடினால் கழிச்சல் கண்டு இறக்கும்.

குற்றவாளி. மேலே சொன்னதையெல்லாம் சரிசெய்தும் தொடர்ந்தால், ஒரு அரை மணி நேரம் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். இறகு முழுதாக, அழகாக இருக்கும் கோழி ஒன்று எல்லோருக்கும் பின்னால் நடந்துகொண்டிருக்கும். அநேகமாக அதுதான் செய்கிறது. அடி வாங்கும் கோழிகளைப் பிரிப்பதைவிட அதை நான்கைந்து நாள் தனியே அடைப்பது பலன் தரும். திரும்பி வரும்போது கூட்டத்தில் அதன் அதிகாரம் குறைந்திருக்கும்.

அலகு வெட்டுவது பெரிய பண்ணைகளில் செய்வது. சில கோழிகள் மேயும் கொல்லைக்கு அது தேவைப்படாது. பூச்சி பிடித்துத் தின்னும் திறனையே கெடுத்துவிடும். வேறு வழியே இல்லை என்றால் பயிற்சி பெற்றவர்தான் செய்ய வேண்டும்.

## ஆசனவாயைச் சுற்றியும் இறக்கை அடியிலும் இறகு நைகிறது

பூச்சிகளின் இடம் இது. கோழி ஓயாமல் அலகால் கோதிக்கொண்டே இருக்கும், மண்ணில் வழக்கத்தைவிட அதிகம் புரளும். பூச்சிகளில் எது என்பதைப் பொறுத்து வேலை மாறும் என்பதால் சற்று நிதானமாகப் பாருங்கள்.

### இறகை விலக்கியதும் வைக்கோல் நிறத்தில் ஏதோ ஓடி ஒளிகிறது

பேன். வெளிச்சம் பட்டதும் வேகமாக ஓடும். இறகுத் தண்டின் அடியில் வெள்ளைப் பொருக்காக ஈர் கொத்துக்கொத்தாக ஒட்டியிருக்கும். பேன் கோழி மேலேயே வாழ்வது. கோழியை விட்டால் சில நாட்களில் செத்துவிடும். ஆகவே இங்கே கூட்டைவிடக் கோழிதான் முக்கியம்.

செலவில்லாத வைத்தியம் மண்குளியல். மழை படாத மூலையில் பழைய டயரையோ அகலமான தொட்டியையோ வைத்து, காய்ந்த மண்ணும் விறகடுப்புச் சாம்பலும் கலந்து, காய்ந்த வேப்பிலையைப் பொடித்துப் போடுங்கள். பிளாஸ்டிக் எரித்த சாம்பல் கூடாது. பேன் குறைவாக இருந்தால் இதுவே அடக்கும்.

நிறைய இருந்தால் வசம்புத்தூளை இரவில் இறகின் அடியில், தோலில் படும்படி தூவித் தேய்க்க வேண்டும். கண், மூக்குப் பக்கம் போகக் கூடாது. வசம்பு, வேப்பிலை, பூண்டு, மஞ்சள், துளசியை அரைத்துத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டித் தெளிப்பதும் பலன் தருகிறது. வெயில் உள்ள காலை நேரத்தில் செய்யுங்கள். எந்த வைத்தியமானாலும் ஈரைக் கொல்லாது. ஏழு முதல் பத்து நாளில் புதுப் பேன் பொரித்து வந்த பிறகு மறுபடியும் செய்ய வேண்டும். இரண்டாவது தடவையை விட்டுவிட்டு, மருந்து கேட்கவில்லை என்று சொல்பவர்கள்தான் அதிகம். ஈர்க்கொத்து உள்ள இறகுகளை வெட்டி எடுத்து எரித்துவிட்டால் வேலை இன்னும் எளிது.

### ஆசனவாய் ஓரத்து இறகு கறுத்து அழுக்காகத் தெரிகிறது

மிளகுத்தூள் தூவியது போல இருக்கும். அது செள்ளு என்னும் பொடிப்பூச்சி. உங்கள் கைமீதும் ஏறி நமைச்சல் தரும். இந்த வகை கோழி மேலேயே தங்கி இரவும் பகலும் ரத்தம் குடிக்கும். பேனுக்குச் சொன்ன வைத்தியமே இதற்கும். அதோடு கூளம் முழுவதையும் அள்ளி எரித்துவிட்டுப் புதிதாகப் பரப்ப வேண்டும்.

### பகலில் ஒன்றும் இல்லை, ஆனால் கொண்டை வெளுக்கிறது, கோழி கூட்டுக்குள் போக மறுக்கிறது

இரவில் மட்டும் வரும் செள்ளு. பகலில் கூட்டின் விரிசல், மூங்கில் கணு, குச்சி செருகிய துளைகளில் ஒளிந்திருக்கும். கோழியைப் பகலில் எத்தனை முறை புரட்டினாலும் கிடைக்காது. அதனால்தான் இதில் பலர் ஏமாறுகிறார்கள்.

சோதனை எளிது. கோழி அடையும் குச்சிக்குக் கீழே மாலையில் வெள்ளைத் துணியை விரித்துவிடுங்கள். இரவு ஒன்பது, பத்து மணிக்கு டார்ச்சோடு போய், குச்சியின் அடிப்பக்கத்தை வெள்ளைத் தாளால் அழுத்தித் துடையுங்கள். பக்கத்துத் தெருவில் ஒரு மூங்கில் கூட்டில் இப்படித் துடைத்தபோது தாளில் சாம்பல் நிறத்தில் தூசுதான் படிந்தது. வீட்டு அம்மா, "வெறும் அழுக்குதானே தம்பி" என்றார். கொஞ்ச நேரம் பாருங்கள் என்றேன். தூசு நகரத் தொடங்கியது. விரலால் நசுக்கியதும் தாள் முழுக்கச் சிவப்புக் கோடு. அது கோழியின் ரத்தம். அதுவரை அவர்கள் தீவனத்தை மாற்றுவது, டானிக் வாங்குவது என்று செலவழித்துக்கொண்டிருந்தார்கள்.

இங்கே கோழிக்கு வைத்தியம் பார்த்துப் பயன் இல்லை, கூட்டுக்குத்தான் பார்க்க வேண்டும். கோழிகளை இரவில் வேறிடத்தில் அடையுங்கள். கழற்ற முடிந்த குச்சி, பலகை, பஞ்சாரம் எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கொதிநீர் ஊற்றி வெயிலில் காய வையுங்கள். சுவருக்கும் மரத்துக்கும் சுண்ணாம்பு அடியுங்கள். விரிசலுக்குள் போகும்படி கெட்டியாகக் குழைத்துத் திணியுங்கள். இரும்பு, கல் பகுதிகளில் தீ காட்டலாம். ஓலைக்கூரை இருந்தால் நினைத்தே பார்க்க வேண்டாம். வெயில் காலத்தில் ஒரு வாரத்துக்குள் அடுத்த தலைமுறை வந்துவிடும். எனவே வாரம் ஒரு முறையாக மூன்று, நான்கு வாரம் செய்ய வேண்டும். கூட்டை ஒரு மாதம் காலியாகப் போட்டால் பட்டினியில் செத்துவிடும் என்று நம்பாதீர்கள். இந்தச் செள்ளு ரத்தம் இல்லாமலே மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும்.

அடைக்கோழிக்கு இது எமன். இருபத்தொரு நாளும் ஒரே இடத்தில் உட்கார்ந்து ரத்தம் இழந்து, முட்டை மேலேயே செத்துக் கிடப்பதுண்டு. அடைக்கூடையில் மணலுக்கு மேல் வேப்பிலை, நொச்சி இலை போட்டுவிட்டு முட்டை வையுங்கள்.

### இவற்றுக்குப் பிறகும் தீரவில்லை என்றால்

டெல்டாமெத்ரின், பெர்மெத்ரின் வகைப் பூச்சிமருந்துகள் வேலை செய்யும். ஆனால் அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுத்தான் கலக்க வேண்டும். கூட்டுக்கு அடிக்கும்போது தீனி, தண்ணீர், முட்டையை வெளியே எடுத்துவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு கோழியை விடுங்கள். வீட்டில் பூனை இருந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு. மண்ணெண்ணெயும் வண்டியின் பழைய ஆயிலும் கோழி மேல் தடவவே கூடாது. தோல் வெந்துவிடும்.

கோழி தன் இறகைத் தானே பிடுங்குகிறது, இறகு தோல் மட்டத்தில் முறிகிறது, அடியில் செதில் படிந்திருக்கிறது, ஆனால் எந்தப் பூச்சியும் கண்ணில் படவில்லை என்றால், தோலுக்குள் துளைத்து வாழும் கண்ணுக்குத் தெரியாத வகையாக இருக்கலாம். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். வீட்டில் செய்வதற்கு ஒன்றுமில்லை, மருத்துவரிடம் போங்கள்.

ஆசனவாயில் வெள்ளையாகப் பசை ஒழுகி நாற்றம் அடித்தாலோ, சதை வெளியே தள்ளியிருந்தாலோ அதுவும் மருத்துவரின் வேலை.

## நெஞ்சும் வயிறும் வெறுமை

கோழி கூட்டை விட்டு எழ மறுத்து, கை வைத்தால் சிலிர்த்துக் கொக்கரித்தால் அது அடைக்கு உட்கார்ந்துவிட்டது. முட்டைக்கு உடம்புச் சூடு நேராகப் படுவதற்காக நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும். வெறுமையான தோல் சூடாகவும் வழவழப்பாகவும் இருக்கும். ஒன்றும் செய்ய வேண்டாம்.

அடை இல்லை, கோழி கனமானது, கூட்டின் தரை சிமெண்ட் என்றால் உராய்வு. உமியோ காய்ந்த நார்க்கழிவோ மூன்று, நான்கு அங்குலம் பரப்புங்கள். தோல் ஈரமாக, சிவந்து, மூத்திர நெடி அடித்தால் கூளம் நனைந்திருக்கிறது. மழைக்காலத்தில் ஒழுகும் கூரையைப் பாருங்கள்.

## முகம், தலை, கழுத்தின் முன்புறம்

கழுத்தின் முன்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் தீனிச் சட்டியைப் பாருங்கள். கம்பிக்கு வெளியே வைத்த தீனிக்குத் தலையை நீட்டி நீட்டி இறகு தேயும். சட்டியை உள்ளே வைத்தால் முடிந்தது.

சந்தையிலிருந்து வாங்கி வந்த கோழிக்குக் கழுத்து முழுவதும் இறகில்லை, தோல் சிவந்து ஆரோக்கியமாக இருக்கிறது என்றால் அது கழுத்தறுத்தான் வகையாக இருக்கலாம். பிறவியே அப்படி, வெயிலைத் தாங்கும் நல்ல கோழி.

கண் ஓரத்திலும் கொண்டையிலும் கரும்பழுப்புப் புள்ளிகள் அசையாமல் கொத்தாக ஒட்டியிருந்தால் தெள்ளுப்பூச்சி. வாசலினைத் தடிமனாகப் பூசினால் மூச்சடைத்து விழும். கண்ணுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாய் இருந்தால் அதற்கும் வைத்தியம் பார்க்க வேண்டும்.

கொப்புளமாக வந்து கறுத்துப் பொருக்குத் தட்டினால் அம்மை. கொசு மூலம் பரவும். பொருக்கைப் பிய்க்காமல் வேப்பெண்ணெயும் மஞ்சளும் தடவுங்கள். வாய்க்குள் மஞ்சள் படலம் தெரிந்து மூச்சுத் திணறினால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். கொண்டையில் மாவு படிந்ததுபோல் வெள்ளைப் படலம் பரவி, அது தலை இறகுக்கும் இறங்கினால் பூஞ்சை. அபூர்வமாகத்தான் வரும்; தொட்ட பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

## குஞ்சுக்கு இறகு சரியாக வரவில்லை

குஞ்சு நான்கு முதல் ஆறு வாரத்தில் பஞ்சு இறகை உதிர்த்துவிட்டு முதல் இறகு போடும். ஐந்து மாதத்துக்குள் இன்னும் சில முறை மாற்றிக்கொள்ளும். அந்தப் பருவத்தில் அலங்கோலமாகத் தெரிவது இயல்பே. ஒரே குஞ்சுக்கு மட்டும் வால் இல்லை என்றால் மற்றவை கொத்துகின்றன. நெருக்கத்தையும் சூட்டையும் குறையுங்கள். எல்லாக் குஞ்சுக்கும் இறகு தாமதமானால் தீனியில் புரதம் போதவில்லை. நொய்யை மட்டும் போட்டு வளர்க்க முடியாது.

## ஒரே இரவில் வால் காணவில்லை

கொத்து இறகு ஒரே இடத்தில் கிடந்தால் இரவில் ஏதோ வந்திருக்கிறது. பூனையோ கீரியோ பாயும்போது கோழி அதிர்ச்சியில் வால் இறகை மொத்தமாக உதறித் தப்பிக்கும். காயம் இல்லையென்றால் சில வாரத்தில் வால் வளர்ந்துவிடும். அடைக்கோழியின் பின்புறம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடிபட்டிருந்தால் எலி. அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி உள்ள கம்பி வலை குட்டி எலியைத் தடுக்காது. பல் பதிந்த காயம் மேலே சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளே சீழ் வைக்கும். அதை மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

## கால்நடை மருத்துவரை அழைக்கும் கட்டம்

இறகு கொட்டுவதோடு தீனி எடுக்காமல் ஒடுங்கி நின்றால், பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிந்தால், கழுத்து திருகினால், கொண்டை நீலம் பாரித்தால், இறகுப் பிரச்சினையாக நினைத்து வீட்டில் வைத்தியம் பார்க்காதீர்கள். வெள்ளைக்கழிச்சல் என்ற தொற்றுநோயாக இருக்கலாம். இரண்டு, மூன்று கோழிகள் திடீரென்று செத்தால் வெறுங்கையால் தொடாமல், யாருக்கும் விற்காமல், கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். மூன்று வாரம் முறையாகச் செள்ளுக்கு வைத்தியம் பார்த்தும் கொண்டை வெளுத்தே இருந்தாலும் போக வேண்டும். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணை அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் சேவையில் விசாரிக்கலாம். சிக்கலான தோல் நோய்க்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியோ, மாவட்டத்தில் இருக்கும் கால்நடைப் பல்கலைக்கழக மையமோ பக்கம் என்றால் அங்கே போகலாம்.

போகும்போது உதிர்ந்த இறகு சிலவற்றை மூடிய பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இரவில் குச்சியைத் துடைத்த தாளையும் மடித்து வேறு பையில் எடுத்துக்கொள்ளுங்கள். அன்று காலை எச்சமும் கொஞ்சம் வேண்டும். என்ன தீனி, கடைசியாக எப்போது முட்டை, ஏற்கெனவே என்ன மருந்து போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மருந்து எழுதினால், அடுத்த தடவை எப்போது போட வேண்டும், கூட்டுக்கும் சேர்த்து அடிக்க வேண்டுமா, எத்தனை நாள்வரை முட்டையையும் கறியையும் சாப்பிடக் கூடாது என்று மூன்றையும் கேட்டு, சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.